சுமையை எப்போது ஏற்றுவது? நெடும்பயண சைக்கிள் பயிற்சிக்கு ஐந்து வழிகள்

"அண்ணா, இப்பவே பையெல்லாம் மாட்டிக்கிட்டு ஓட்டிப் பழகணுமா, இல்ல கடைசி ஒரு மாசம் மாட்டினா போதுமா?"

ஜூலையில் மணாலியிலிருந்து லேவுக்கு சைக்கிளில் கிளம்பும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டது இது. வால்பாறைக்குப் போகிறவர்களும் கன்னியாகுமரிக்குப் போகிறவர்களும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து நேரெதிரான இரண்டு பதில்கள் கிடைக்கும். "சுமையோடுதானே போகப் போற, சுமையோடவே பழகு" என்பார் ஒருவர். "காலில் பலம் இருந்தா எதையும் இழுக்கலாம், வெறும் வண்டியில் வேகமா ஓட்டு" என்பார் இன்னொருவர்.

நான் சேலத்துக்காரன். ஏற்காடு அடிவாரம் வீட்டிலிருந்து அரை மணி நேர மிதி. இந்த இரண்டு வழிகளையும், இவற்றுக்கு நடுவே இருக்கும் மூன்று வழிகளையும் வெவ்வேறு வருடங்களில் செய்து பார்த்திருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காலுக்குச் சுமைப் பயிற்சி அவ்வளவாகத் தேவையில்லை. கைக்கும், உட்காரும் இடத்துக்கும், வண்டிக்கும்தான் தேவை. அதனால் சுமையோடு ஓட்டும் நாட்கள் குறைவாக இருக்கலாம், ஆனால் ஒரு நாள்கூட இல்லாமல் போகக் கூடாது.

## எதை வைத்து எடை போடுவது

கால், இதயம், நுரையீரல் மூன்றுக்கும் வேலை கிடைக்கிறதா என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். அது சரிதான், ஆனால் அதோடு நின்றுவிடுகிறார்கள். உடம்பு வண்டியைத் தொடும் மூன்று இடங்களான உள்ளங்கை, பிட்டம், பாதம் பழகுகின்றனவா? கேரியர், ஸ்போக்ஸ் கம்பி, பிரேக், கியர் எல்லாம் சோதனைக்கு உள்ளாகின்றனவா? கனத்த வண்டியை வளைவில் திருப்பவும் இறக்கத்தில் அடக்கவும் கை கற்றுக்கொள்கிறதா? முதல் நாள் அலுப்போடு இரண்டாம் நாள் காலையில் மறுபடி ஏறி உட்கார முடிகிறதா? கடைசியாக, இதற்கெல்லாம் நேரமாக, பணமாக, மூட்டு வலியாக என்ன விலை கொடுக்கிறோம்?

இவற்றில் இரண்டாம் நாள் பற்றிய கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஒரே நாளில் 200 கி.மீ. ஓட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆறு நாள் தொடர்ந்து 80 கி.மீ. ஓட்டுவது அதிலிருந்து முற்றிலும் வேறு வேலை.

## முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஆள் 68 கிலோ, வண்டி 13 கிலோ, மொத்தம் 81 என்று வைத்துக்கொள்வோம். பையும் தண்ணீரும் சேர்ந்து 15 கிலோ ஏறினால் 96 ஆகும். ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஏற்காடு ஏறுகிறவருக்கு ஏறக்குறைய அந்த உயரம் கிடைக்கும். விடாமல் 150 வாட் சக்தியில் மிதிக்கிற ஆளுக்கு அந்த உயரத்தை ஏற மட்டும் வெறும் வண்டியில் 88 நிமிடம் ஆகும். சுமையோடு 105 நிமிடம். பதினேழு நிமிடம் கூடுதல்.

சமதரையில் நிலைமை வேறு. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும்போது அதே 15 கிலோ, டயர் உருளும் தடையாகக் கேட்பது சுமார் 5 வாட்தான். அதே சாலையில் மணிக்கு 10 கி.மீ. எதிர்காற்று வீசினால் அது சுமார் 50 வாட் கூடுதலாகக் கேட்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பையை மாட்டிக்கொண்டு புதுச்சேரி வரை போய்வந்து "சுமைப் பயிற்சி முடிச்சாச்சு" என்று சொல்லும் சென்னை நண்பர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அங்கே காலுக்கு வேலை வைத்தது பை இல்லை, கடல்காற்று.

இன்னொன்றும் இந்தக் கணக்கிலிருந்தே வரும். 8 சதவீத ஏற்றத்தில் 96 கிலோவை ஏற்றுவதும், 9.5 சதவீத ஏற்றத்தில் 81 கிலோவை அதே வேகத்தில் ஏற்றுவதும் காலுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். காலுக்குப் பை தெரியாது, அழுத்தம்தான் தெரியும். கொஞ்சம் செங்குத்தான பாதை கிடைத்தால் பை இல்லாமலே கால் பழகிவிடும்.

## வழி 1: பைகள் இல்லாத வண்டி

இதயத்துக்கும் காலுக்கும் இதைவிடச் சிறந்த வழி இல்லை. நினைத்த நேரத்தில் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். குழுவோடு ஓட்டலாம். காலையில் ஐந்து மணிக்குக் கிளம்பி ஏழரைக்கு வீடு திரும்பலாம். மறுநாள் உடம்பு முறுக்கிக்கொள்வதும் குறைவு.

இதன் மறைவான விலை, தப்பான நம்பிக்கை. 200 கி.மீ. ப்ரெவேயை (கெடு வைத்து ஓட்டும் நெடுந்தூர ஓட்டம்) 13.5 மணி நேரக் கெடுவுக்குள் முடித்தவர்கள், வண்டியில் பைகளைக் கட்டிப் போகும் பைக்பேக்கிங் பயணத்தில் ஒரு நாளைக்கு 150 கி.மீ. போட்டுத் திட்டம் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் நாளே திட்டம் உடையும். கியரும் ஏமாற்றும். முன்பல் 34, பின்பல் 34 (மிதியோடும் பின்சக்கரத்தோடும் இருக்கும் பல்சக்கரங்களின் பல் எண்ணிக்கை) இருக்கும் வண்டியில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. வேகம் வரும். மேலே சொன்ன ஆள் அந்த வேகத்தில் 8 சதவீத ஏற்றம் ஏற, வெறும் வண்டியில் சுமார் 144 வாட் போதும். சுமையோடு 170 வேண்டும். முதலாவதை ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறவர் இரண்டாவதில் கால் மணி நேரத்தில் திணறலாம். அதற்கும் கீழே கியர் இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால், வாரத்தில் நான்கு நாள் ஓட்ட முடிந்தால், முக்கால்வாசிப் பயிற்சி இப்படியே போகட்டும்.

## வழி 2: எப்போதும் முழுச் சுமை

இதை ஒரு வருடம் மூன்று மாதம் விடாமல் செய்தேன். இரண்டு 5 லிட்டர் தண்ணீர் கேன், பழைய போர்வை, டூல்ஸ் எல்லாம் சேர்த்து 14 கிலோ. மனதுக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. பார்க்கிறவர்கள் எங்கே பயணம் என்று கேட்பார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்ட மாதிரி இருக்கும்.

உடம்பு வேறு கணக்குச் சொன்னது. சுமையோடு மிதிக்கும்போது, வேகமும் குறைவாக, மிதிச் சுற்றும் குறைவாக, ஒவ்வொரு மிதியிலும் அழுத்தம் அதிகமாக ஓட்டத் தொடங்குவோம். மிதிச் சுற்று நிமிடத்துக்கு 50க்குக் கீழே இறங்கினால் முழங்காலின் முன்பக்கம்தான் அதற்கு விலை கொடுக்கும். எனக்கு ஆறாவது வாரம் படி இறங்கும்போது வலி தெரிந்தது. இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாதது: வேகமான பயிற்சி என்பதே இல்லாமல் போனது. எல்லா நாளும் ஒரே நிதான வேகம், அதனால் இதயத்துக்குப் புதிதாக எந்தச் சவாலும் இல்லை. பையைக் கட்ட வேண்டுமே என்ற சோம்பலில் வாரம் ஒரு நாள் பயிற்சியே விட்டுப்போகும். வெயிலும் கூடச் சேர்ந்துகொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயிலில் அரை மணி நேரம் கூடுதலாக மலையில் நிற்பது சாதாரண விஷயமில்லை. மணிக்கு ஏழு கி.மீ. வேகத்தில் முகத்தில் காற்றே படாது.

வண்டிக்கும் தேய்மானம் உண்டு. செயின், பின்டயர், பிரேக் பேட் மூன்றும் சீக்கிரம் போகும். பயணத்துக்கென்று வாங்கிய டயரைப் பயிற்சியிலேயே தேய்த்துவிட்டுக் கிளம்புவதில் அர்த்தமில்லை.

ஆனால் இந்த மூன்று மாதம் எனக்கு ஒரு பெரிய நன்மை செய்தது. புதிதாகக் கேரியர் மாட்டிய கடையில் போல்டைச் சரியாக இறுக்கவில்லை. முதல் வாரமே, இறக்கத்தில் பின்னால் 'கடகட' என்று ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தால் வலது பக்க அடி போல்ட் பாதி வெளியே வந்து நிற்கிறது. இன்னும் இரண்டு வளைவு தாண்டியிருந்தால் கேரியர் சாய்ந்து சக்கரத்துக்குள் போயிருக்கும். அப்புறம் பத்தாவது வாரம் பின்சக்கரத்தில், கியர் பக்கம், ஸ்போக்ஸ் கம்பி ஒன்று உடைந்தது. அந்தப் பக்கக் கம்பியை மாற்றப் பின்பல்லைக் கழற்ற வேண்டும்; அதற்குரிய டூல் இல்லாமல் ரோட்டோரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டும் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்தது பெரிய பாக்கியம். இதைத் தெரிந்துகொள்ள மூன்று மாதம் தேவையில்லை, ஐந்தாறு முழுச்சுமை ஓட்டங்களே போதும் என்பது பிறகுதான் புரிந்தது.

வருடத்தில் பாதி நாள் பயணத்திலேயே இருக்கிறவர்களுக்கும், அவசரமே இல்லாமல் ஒரே நிதானத்தில் ஓட்டுகிறவர்களுக்கும் இந்த வழி பொருந்தும். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## வழி 3: வேலைக்கும் சந்தைக்கும் அரைச் சுமை

இதை யாரும் பயிற்சியாகவே எண்ணுவதில்லை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த வழி.

வாரத்தில் மூன்று நாள் அலுவலகத்துக்கு சைக்கிளில் போகிறேன். மடிக்கணினி, மதியச் சாப்பாடு, மாற்றுச் சட்டை எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோ. ஞாயிறு காலையில் சூரமங்கலம் உழவர் சந்தை. திரும்பும்போது ஒரு பக்கப் பையில் பூசணிக்காயும் வெங்காயமும், மறுபக்கம் கீரைக்கட்டும் தக்காளியும் இருக்கும். இரண்டு பக்கமும் எடை சமமில்லை என்றால் வண்டி ஒரு பக்கம் இழுப்பதை அங்கேதான் முதலில் உணர்ந்தேன். சிக்னலில் நின்று நின்று கிளம்புவது, வேகத்தடையில் பை துள்ளுவது, கனத்த வண்டியை ஸ்டாண்டு இல்லாமல் சுவரில் சாய்ப்பது, குதிகால் பக்கப் பையில் இடிக்கிறதா என்று பார்ப்பது: பயணத்தில் தினமும் நூறு முறை செய்யப்போகும் வேலைகள் இவை. இங்கே தனி நேரம் ஒதுக்காமலே பழகிவிடுகின்றன.

விலை என்றால், வியர்வை, புகை, வண்டியைப் பூட்டி வைக்கும் கவலை. ஏற்றம் இல்லாத ஊரில் காலுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. இறக்கப் பயிற்சியும் இல்லை. ஆனால் குடும்பமும் வேலையும் இருக்கிறவருக்கு, வாரத்தில் ஐந்து மணி நேரம் பயிற்சி சும்மா கிடைக்கிறது என்றால் அதை விடக் கூடாது.

## வழி 4: வீட்டு டிரெயினர்

டிரெயினர் என்பது வண்டியைப் பொருத்தி, வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் கருவி. மழைக்காலத்துக்கும், இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கும் நல்ல வழி. ஒரு மணி நேரத்தில் ரோட்டில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சமமான வேலை நடக்கும், ஏனென்றால் இறக்கமும் சிக்னலும் கிடையாது. நல்ல மின்விசிறி இல்லாமல் நம் ஊர்ச் சூட்டில் இதில் உட்காராதீர்கள். ஸ்மார்ட் டிரெயினருக்குப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். அந்தப் பணத்தில் நல்ல சக்கரமும் குறைந்த கியரும் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். கை, வண்டி, இறக்கம் எதற்கும் இதில் பயிற்சி இல்லை.

## வழி 5: இரண்டு நாள் ஒத்திகை

பயணத்தில் எடுத்துப்போகும் அதே பொருட்களை, அதே பைகளில், அதே இடத்தில் மாட்டி, ஒரு இரவு வெளியே தங்கி வருவது. எனக்கு இது சனிக்கிழமை சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி ஏற்காடு. ஞாயிறு குப்பனூர் பக்கம் இறங்கி, ஊரைச் சுற்றிக்கொண்டு வீடு. கோவைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி, பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஆழியாறிலிருந்து நாற்பது வளைவு ஏறி வால்பாறை. நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்குக் கொல்லிமலையின் எழுபது வளைவு இருக்கிறது. அதை முதல் ஒத்திகைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

என் முதல் ஒத்திகையில் நடந்த ஒரு சின்ன விஷயத்தை மறக்கவே முடியாது. ஏற்காட்டில் ஞாயிறு காலை ஆறு மணி, லாட்ஜ் அறையில் சட்டைப் பட்டன் போடுகிறேன். முடியவில்லை. வலது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய்க் கிடந்தன. பட்டன் விரலில் படுவது தெரிகிறது, பிடிக்க முடியவில்லை. உப்புக்கரைசல் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் கிழித்தேன். உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் நரம்பு நாள் முழுக்க ஹேண்டில்பாரில் அழுந்தியதால் வந்தது அது. வெறும் வண்டியில் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டியபோதெல்லாம் வராதது, சுமையோடு ஒரே நாளில் வந்துவிட்டது. காரணம் எளிது. மெதுவாக ஏறும் கனத்த வண்டி நேராக நிற்காது. முன்பையின் கனம் வேறு சக்கரத்தை இப்படியும் அப்படியும் இழுக்கும். அதைச் சரிசெய்ய, நமக்கே தெரியாமல் மூன்று மணி நேரம் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறோம். ஹேண்டில்பாரை இரண்டு விரற்கடை உயர்த்தி, முன்பையிலிருந்து டூல்ஸையும் தண்ணீரையும் ஃபிரேம் நடுவில் இருக்கும் பைக்கு மாற்றி, கால் மணிக்கு ஒருமுறை கையின் இடத்தை மாற்றிப் பிடிக்கப் பழகிய பிறகு சரியானது. இதை ஐந்தாம் நாள், ஊர் பேர் தெரியாத இடத்தில் கண்டுபிடித்திருந்தால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும்.

இறக்கமும் அப்படித்தான். ஏறும்போது சுமைக்காகக் கூடுதலாகக் கொடுத்த அதே பதினேழு நிமிட உழைப்பு, இறங்கும்போது பிரேக்கில் சூடாக வரும். ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்) வண்டியில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்று, பிறகு விட்டுவிட வேண்டும். முன், பின் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் தொங்கும் நீளப் பை வாலாட்டுகிறதா என்பதும் குப்பனூர் இறக்கத்தில் தெரிந்துவிடும்.

தண்ணீர் கேனைச் சுமையாக வைத்து ஏறுகிறவர்கள், மேலே போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு லேசாக இறங்குவது உண்டு. முதல் முறை அப்படிச் செய்யலாம். இரண்டாம் முறை கொட்டாதீர்கள். இறங்கிப் பழகத்தானே வந்தோம்.

இதன் விலை முழுதாக ஒரு வாரக்கடைசி, லாட்ஜ் வாடகை, அப்புறம் இரண்டு மூன்று நாள் ஓய்வு. திங்கட்கிழமையே மறுபடி வேகப் பயிற்சிக்குப் போனால் வாங்கியதெல்லாம் வீணாகும்.

## ஒரே பார்வையில்

| | கால், இதயம் | கை, உட்காரும் இடம் | வண்டிச் சோதனை | இறக்கம் | வார நேரம் | மறைவான விலை |
|---|---|---|---|---|---|---|
| வெறும் வண்டி | மிக நன்று | ஓரளவு | இல்லை | ஓரளவு | குறைவு | தப்பான நம்பிக்கை |
| எப்போதும் சுமை | சுமார் | மிக நன்று | மிக நன்று | நன்று | மிக அதிகம் | முழங்கால், தேய்மானம் |
| வேலை, சந்தை | குறைவு | நன்று | நன்று | இல்லை | தனி நேரம் வேண்டாம் | வியர்வை, பூட்டுக் கவலை |
| டிரெயினர் | நன்று | குறைவு | இல்லை | இல்லை | மிகக் குறைவு | வாங்கும் விலை |
| ஒத்திகை | நன்று | மிக நன்று | மிக நன்று | மிக நன்று | ஒரு வாரக்கடைசி | ஓய்வு நாட்கள் |

## யாருக்கு எது

தமிழ்நாட்டுக்குள், லாட்ஜில் தங்கிக்கொண்டு, ஆறேழு கிலோவோடு போகிறீர்கள் என்றால் வெறும் வண்டியும் ஒரே ஒரு ஒத்திகையும் போதும். கூடாரமும் அடுப்பும் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறவர் மூன்று ஒத்திகையாவது செய்ய வேண்டும். முழங்கால் ஏற்கெனவே தொந்தரவு கொடுக்கிறது என்றால், பையைத் தொடுவதற்கு முன் கியரை மாற்றுங்கள். பின்பல் 34க்குப் பதில் 42 அல்லது 46 பல் இருப்பது, எந்தப் பயிற்சியும் தர முடியாத நிம்மதியைத் தரும். வண்டி ஏற்குமா என்று மெக்கானிக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். மலையே இல்லாத ஊரில் இருக்கிறவர் வாரநாளில் எதிர்காற்றில் வெறும் வண்டி ஓட்டிக் காலைத் தயார் செய்துகொண்டு, மாதம் ஒருமுறை ரயிலில் வண்டியை ஏற்றி மலையடிவாரத்துக்குப் போவது நல்லது. சமதரையில் பை சுமந்து களைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

லே போகும் தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்தது இது. ஏப்ரல் கடைசி வரை பெரும்பாலும் வெறும் வண்டி. வாரம் ஒரு நாள் ஏற்காடு, ஒரு நாள் சமதரையில் நீண்ட ஓட்டம். அலுவலகத்துக்குத் தினமும் பக்கப் பையோடு. ஏப்ரல் நடுவில் 8 கிலோவோடு முதல் ஒத்திகை, மே மாதத்தில் 12 கிலோவோடு இரண்டாவது, ஜூன் தொடக்கத்தில் முழுச் சுமையோடு மூன்றாவது. அதன்பின் புதிதாக எந்தப் பொருளும் வாங்கக் கூடாது, சீட்டை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தக் கூடாது. கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்கி, காலை மட்டும் அசைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

உயரத்துக்கு மட்டும் இந்த ஐந்து வழியிலும் பதில் இல்லை. அந்தப் பாதையில் தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர்; ஏற்காட்டில் எத்தனை கிலோ ஏற்றினாலும் அந்த மெல்லிய காற்று கிடைக்காது. உடம்பு உயரத்துக்குப் பழகப் பயணத் திட்டத்தில் கூடுதலாக மூன்று நாள் வைக்கச் சொன்னேன். முதலில் முகம் வாடியது, பிறகு ஒத்துக்கொண்டார்.

வருகிற சனிக்கிழமை அவருடைய முதல் ஒத்திகை. கேரியர் போல்டுக்கான 4 எம்.எம். ஆலன் கீயைப் பையின் அடியில் போடாமல் சட்டைப் பாக்கெட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது நான்கு போல்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு ஏறட்டும்.